எலுமிச்சை உருளாத வண்டி

ஜெர்மன் கார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேகத்தில்தான் ஆரம்பிப்பார்கள். நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட எத்தனை நொடி ஆகும், வளைவில் எவ்வளவு ஒட்டிக்கொண்டு போகும், எஞ்சினுக்கு எத்தனை குதிரை பலம். என்னை டிரைவராக வைத்திருந்த ஓர் அக்காவுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. ஒரு கார் எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதைத்தான் கேட்பார். செண்டை மேளத்துக்குப் பின்னால், மனிதர் நடக்கிற வேகத்தில், சூடேறாமல், உதறாமல் ஊர் முழுக்கச் சுற்றி வருமா? வரும் என்றால் நல்ல கார். வராது என்றால், அதைச் செய்தவன் எவ்வளவு பெரிய கெட்டிக்காரனாக இருந்தாலும் அவருக்கு வேண்டாம்.

காரிமங்கலத்திலிருந்து தருமபுரி போகும் வழியில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. உள்ளே நீளமான ஒரு கறுப்புக் கார். பெங்களூரில் யாரோ ஓட்டிச் சலித்து விற்றது. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுவது தொழில். அந்தப் பக்கம் இப்போது மாப்பிள்ளை அழைப்பு, பெண் அழைப்பு எல்லாவற்றுக்கும் ஜெர்மன் கார் வேண்டும். ராகிக் காட்டு நடுவில் ஓட்டு வீடாக இருந்தாலும் சரி, என்ன வண்டி சொல்லியிருக்கிறீர்கள் என்று சம்பந்தி வீட்டில் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

கம்பெனிப் பெயர் எதுவும் அக்கா வாயில் வராது. வண்டியின் மூக்கில் இருக்கும் முத்திரையை வைத்துத்தான் கூப்பிடுவார். நட்சத்திரம், நாலு வளையம், நீலவெள்ளை, குதிரை. அவருடையது நட்சத்திரம். கேட்டவர்கள் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் அவரிடம் சேர்ந்தது ஒரு விபத்தால். எட்டாவதோடு படிப்பை விட்டவன். பாலக்கோட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றினேன், ஓசூரில் கல் பாலிஷ் போட்டேன், பிறகு லாரி. தொப்பூர் இறக்கத்தில் நான் ஓட்டிய லாரி சாய்ந்தது. தோள்பட்டை இறங்கிவிட்டது. லாரிக்காரர் போனை எடுக்கவில்லை. தருமபுரியில் கட்டுப் போட்டு அனுப்பியபின், போக இடம் இல்லாததால் பஸ் நிலையம் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் கடைக்காரரிடம், எதிர்க்கடை டீ இதைவிடக் கெட்டி, ஆனால் இங்கே கிளாஸ் சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சண்டைக்குச் சொல்லவில்லை. இன்று வெயில் அதிகம் என்பதைப் போலச் சொன்னார். கடைக்காரர் எதிர்க்கடையை முறைத்துப் பார்த்தார்.

அந்தப் பெண் என் கட்டைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன்.

"வேகமா போவுறப்ப சாஞ்சுதா, மெதுவாவா?"

"மெதுவாத்தாங்க. பிரேக் புடிக்கல."

"மெதுவா போவத் தெரியும்னா கை சரியானதும் வா," என்றார். இப்படித்தான் வேலை கிடைத்தது. வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

சேர்ந்து ஒரு மாதத்தில் என்னையும் ஒப்பிட்டுவிட்டார். முன்பு இருந்த டிரைவர் என்னைவிட மெத்தென்று பிரேக் போடுவானாம். ஆனால் அவன் கண்ணாடியில் கல்யாணப் பெண்ணைப் பார்ப்பான், நான் பார்ப்பதில்லை. இதை என்னிடம் மட்டும் சொல்லவில்லை. அந்த டிரைவர் ஒரு நாள் கொட்டகைப் பக்கம் வந்தபோது அவனிடமும் இதே வார்த்தைகளில் சொன்னார். அவன் சிரித்துக்கொண்டே போனான். பிறகு வரவில்லை.

அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. எந்தக் காரையும் பின்சீட்டில் உட்கார்ந்துதான் மதிப்பிடுவார். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். கல்யாணப் பெண் எப்படி ஏறுவாளோ அப்படியே ஏறுவார். பட்டுச்சேலை, தலையில் பூ வைத்துத் தைத்த சடை, கை நிறைய வளையல். மடியில் ஒரு பித்தளைத் தட்டு, தட்டின் நடுவில் ஓர் எலுமிச்சம்பழம். வண்டியை ஊர்ந்து போகச் சொல்வார். எலுமிச்சை தட்டில் அசையலாம். உருண்டு விளிம்பில் மோதினால் பாதி தோல்வி. தட்டைத் தாண்டி விழுந்தால் வண்டி முழுத் தோல்வி.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஓட்ட ஆரம்பித்தபின் வரவில்லை. நட்சத்திரத்தில் பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், அது தானாக ஊரும். மேளக்காரர் நின்றால் நிற்கும், நடந்தால் நடக்கும். பின்னால் உட்கார்ந்த பெண்ணுக்கு நின்றதும் தெரியாது, கிளம்பியதும் தெரியாது. வேகத்துக்காகச் செய்த வண்டிகளில் இது நடக்காது. அவற்றின் கியர், இந்த மெதுவில் பிடிப்பதா விடுவதா என்று தடுமாறும். டயர் பட்டையாக, ஸ்பிரிங் கட்டையாக இருக்கும். குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடிய பள்ளம் ஒவ்வொன்றும் பெண்ணின் இடுப்பில் கேட்கும். நம் ஊர்த் தெருக்களில் தோண்டாத இடம் எது?

எல்லா முத்திரைகளுக்கும் அவரிடம் தீர்ப்பு இருந்தது. யாராவது கேட்டால் நின்றுகொண்டே சொல்வார். நீலவெள்ளை டிரைவருக்காகச் செய்தது, பின்னால் உட்கார்கிறவர்கள் அதில் விருந்தாளி. நாலு வளையம் உள்ளே பார்க்க அழகு, விளக்கெல்லாம் கோயில் மாதிரி எரியும், ஆனால் ஏசி காற்று நேராகத் தலைக்கு வந்து மல்லியை வாட்டிவிடும். நட்சத்திரம் பின்சீட்டுக்காகவே பிறந்தது. இப்படிச் சொல்லிவிட்டு, தன் வண்டியை வாடகைக்குக் கேட்க வந்தவரிடமே, "நீளம் ஜாஸ்திங்க. உங்க தெரு முக்குல திரும்பாது. மொத பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்பார். அப்படி எத்தனையோ பேர் பார்க்கப் போய்த் திரும்பாமல் இருந்திருக்கிறார்கள்.

கல் குவாரி வைத்திருக்கிற ஒருவரின் மகன் ஒரு முறை குதிரை முத்திரை வண்டியைக் கொண்டுவந்து கொட்டகை முன்னால் நிறுத்தினான். மஞ்சள் நிறம். தரையோடு தரையாக இருந்தது. அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம், தன் வண்டியிலேயே ஊர்வலம் போகப்போவதாகச் சொல்லிவிட்டுப் போக வந்தான். அக்கா பின்னால் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டார். அந்தப் பின்சீட்டு ஒரு பை வைக்கத்தான் காணும். முழங்கால் தாடையில் இடிக்க மடங்கி உட்கார்ந்து, வெளியே வர என் கையையும் அவன் கையையும் பிடித்துக்கொண்டார். சேலையைச் சரி செய்தார்.

"இதுல மாப்ள போலாம் தம்பி. பொண்ணு பின்னால வேற வண்டியில வரட்டும்."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பெண்ணுக்கு நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டுப் போனான்.

கார்களோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. அக்காவால் உலகத்தில் எதையும் ஒற்றையாகப் பார்க்க முடியாது. ஒரு துக்க வீட்டில், இறந்த பெரியவரின் தம்பி பக்கத்தில் நிற்கும்போதே, பெரியவர் கோபக்காரர், ஆனால் கை தாராளம், சின்னவர் சாந்தம், ஆனால் கை மூடியிருக்கும் என்று சொன்னார். அன்று வந்தவர்கள் எல்லாருக்கும் சாப்பாடு அந்தத் தம்பி செலவில் நடந்தது. அக்காவின் மகள் காலேஜ் முடித்து வீட்டில் இருந்தாள். கூடப்படித்த சிநேகிதிகள் வந்தால் அம்மா கண்ணில் படாமல் மாடிக்கு அழைத்துப் போய்விடுவாள். இரண்டு பேராக வந்தால் கட்டாயம் அழைத்துப் போய்விடுவாள்.

கணவர் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமரமும் கொஞ்சம் மானாவாரியும். பேச்சு மிகக் குறைவு. ஏன் என்று ஒரு நாள் எனக்கு அவரே சொன்னார்.

"எனக்கு முந்தி ஒருத்தன் பொண்ணு பாத்துட்டுப் போயிருந்தான். கல்யாணமான புதுசுல சொன்னா, ஒயரம் நாந்தான் ஜாஸ்தியாம். குரல் அவனுதுதான் நல்லாருக்குமாம். அதுலேருந்து நான் அதிகம் பேசறதில்ல."

இதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பீடியை அணைத்துவிட்டு மாமரத்துக்கு மருந்தடிக்கப் போனார்.

நிஜமாகவே வருத்தப்பட்டது ஒருவர்தான், அக்காவின் தம்பி. அந்த நட்சத்திரத்தை அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் வாங்கினார்கள். முதலில் அதை ஓட்டியதும் அவர்தான். அவர் ஓட்டி நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நீள வண்டியைச் சந்தை நாள் கூட்டத்துக்குள் விட்டு, ஒரு கூடையையும் தொடாமல் வெளியே எடுப்பார். அக்காவே அவரைப் பற்றி, ஜில்லாவில் என் தம்பியைப் போல ஓட்டுகிறவன் கிடையாது என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறார். அக்கா வாயிலிருந்து ஒப்பீடு இல்லாமல், 'ஆனால்' இல்லாமல் வந்த வார்த்தை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். தம்பிக்கும் அது தெரியும்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் இரண்டாவது வண்டி ஒன்று எடுப்பதென்று மூன்று பேரும் பெங்களூர் போனோம். பழைய கார்களை நிறுத்தி விற்கிற ஒரு பெரிய மைதானம். அங்கே தம்பிக்கு ஒரு சிவப்பு நாலு வளையம் கண்ணில் பட்டது. சாதாரண வளையம் இல்லை, பந்தயத்துக்குப் போகிற ரகம். உடம்பு அகலம், உயரம் கம்மி, பின்னால் நாலு குழாய். சாவியைத் திருகினார். அந்தச் சத்தத்தில் மைதானத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சர்வீஸ் ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தார். இறங்கியபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் காணாமல் போன எதுவோ கிடைத்தவர் மாதிரி இருந்தார்.

அக்கா பையிலிருந்து தட்டையும் எலுமிச்சையையும் எடுத்தார். மைதானத்துப் பையன்கள் செல்போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மெதுவாகப் போ என்றார். கேட்டைத் தாண்டும் முன்பே எலுமிச்சை தட்டிலிருந்து குதித்துவிட்டது.

"இது ஓடற வண்டிடா. நமக்கு நடக்கற வண்டி வேணும்," என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "சத்தத்தக் கேட்டு மயங்காத. அழகுதான். இல்லேன்னு சொல்லல."

எல்லார் முன்னாலும் சொன்னதுதான் தப்பு. தம்பி அந்த வாரமே பங்கைப் பிரித்துக்கொண்டார். சிவப்பு வண்டியைத் தன் பெயரில் எடுத்து, தருமபுரியில் அவர் வீட்டுப் பக்கம் ஒரு கொட்டகை போட்டார்.

வண்டிக்கு நல்ல பெயர் வந்தது. மாப்பிள்ளைகள் அதன் மேல் சாய்ந்து நின்று எடுத்த ரீல்ஸ் போனில் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா அதற்குச் சோர்ந்து போகவில்லை. யார் வந்து கேட்டாலும் பழையபடியே சொன்னார். போட்டோவுக்கு வேண்டுமென்றால் என் தம்பியிடம் போங்கள், அங்கேதான் அழகு. பெண் வசதியாக உட்கார்ந்து வர வேண்டுமென்றால் இங்கே வாருங்கள். பாதிப் பேரைத் தம்பியிடம் அனுப்பியது அக்காதான். அது தம்பி காதுக்குப் போனது. நன்றி வரவில்லை. அழகுக்கு மட்டும்தானா என் வண்டி என்று கேட்டாராம். தீபாவளிக்கு அக்கா வீட்டுக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. வழியில் இரண்டு வண்டியும் எதிரெதிரே வந்தால், ஹாரன் அடிக்காமல் போவார்.

அடுத்த வருஷம் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பாலக்கோட்டுப் பக்கம்.

அங்கே தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடக்காது என்று சொல்ல முடியாது, நடக்கும். ஆனால் மாமன்தான் சீர்த்தட்டோடு முன்னால் வர வேண்டும், மாமன்தான் பெண்ணுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போக வேண்டும். உயிரோடு, அதே ஜில்லாவில் இருக்கும் மாமன் வரவில்லை என்றால், அந்தப் பெண் போகிற வீட்டில் அதைப் பல வருஷம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மகளுக்கு அது மட்டும் கவலை இல்லை. பள்ளிக்கூடம் போகும் வயதில் அவளை பைக்கில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனது அந்த மாமாதான். அவர் வராவிட்டால் எனக்கு இந்தக் கல்யாணமே கல்யாணமாகத் தெரியாது என்று என் முன்னாலேயே சொன்னாள்.

பத்திரிகை வைக்க அக்காவும் கணவரும் போனபோது தம்பி வீட்டில் இல்லை. தம்பி மனைவிதான் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, இரண்டு வண்டிக்கும் பூ அலங்காரம் செய்கிறவர் வந்து சேதி சொன்னார். தம்பி வருகிறாராம், முழுச் சீரோடு வருகிறாராம். ஒரே ஒரு விஷயம்தான்.

"என் வண்டிதான் நல்ல வண்டின்னு அக்கா வாயால ஒரு வார்த்தை வரட்டுமாம்."

பூக்காரர் இதைச் சொல்லிவிட்டு, தான் சொன்னதாக நினைக்க வேண்டாம் என்பதுபோல ரோஜாக் கூடையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

வீட்டில் எல்லாருக்கும் அது சின்ன விஷயமாகத்தான் பட்டது. எனக்கும்தான். ராத்திரிச் சாப்பாட்டின்போது மகள் பேச்சை எடுத்தாள்.

"ஒரு வார்த்தை தானேம்மா. ஊர்ல யாரும் சொல்லாததா? சொல்லிட்டு வந்துரு."

"ஒக்காந்து பாத்துட்டுச் சொல்றேன்," என்றார் அக்கா. கணவர் அதற்குமேல் கேட்கக் கூடாது என்று மகளுக்குக் கை காட்டினார்.

மறுநாள் காலையில் அரக்குப் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். கையில் தட்டு. நட்சத்திரத்தில் தருமபுரிக்குக் கூட்டிப்போனேன். தம்பி வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவை அந்தக் கோலத்தில் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"வண்டிய எடுடா."

"எதுக்கு இதெல்லாம்? வாய் வார்த்தைதானே கேட்டேன்."

"ஒக்காந்து பாக்காம என்னான்னு சொல்றது?"

என்னை முன்னால் உட்காரச் சொன்னார்கள். தெருவில் இறங்கி, கடைவீதி வழியாக பஸ் நிலையம் வரைக்கும் போய்த் திரும்புவதென்று ஏற்பாடு. தம்பி ஓட்டிய ஓட்டம் எனக்கு மறக்காது. அந்த வண்டியை நடக்கவைக்க அவர் என்ன பாடுபட்டார் என்று டிரைவர் வேலை செய்கிறவனுக்குத்தான் தெரியும். ஏசி ஓடியும் கழுத்தில் வேர்வை இறங்கியது. பின்னால் எலுமிச்சை ஒரு முறை உருண்டு விளிம்பில் நின்றது. அக்கா அதைக் கையால் தொடவில்லை. திரும்பி வரும்போது குழாய்ப் பள்ளம் ஒன்று. எவ்வளவு மெதுவாக இறக்கியும், எலுமிச்சை தட்டைத் தாண்டி என் சீட்டுக்கு அடியில் வந்து விழுந்தது. நான் குனிந்து எடுக்கவில்லை.

வாசலில் வண்டி நின்றபின்னும் யாரும் இறங்கவில்லை.

"முன்னைக்கு இப்ப நல்லாருக்குது," என்றார் அக்கா. "டயர மாத்தியிருக்க."

"ஆமா."

"அடியில ஸ்பிரிங்கும்?"

"மெத்துனு கொஞ்சம் மாத்தி வச்சேன்." தம்பி கண்ணாடியில் அக்காவைப் பார்க்காமல் சொன்னார். அந்த ரக வண்டிக்கு யாரும் ஸ்பிரிங்கை மெத்தென்று மாற்ற மாட்டார்கள். யாருக்காக மாற்றினார் என்று நான் கேட்கவில்லை.

"தெரியுது. பாதி தூரம் வந்துட்ட. ஆனா இன்னும் என் வண்டிதாண்டா நல்ல வண்டி."

தம்பி ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தார். கத்தவில்லை.

"ஒரு பொய் சொன்னா என்னா கொறஞ்சு போயிருவ நீ? உம் பொண்ணுக்காகக் கூட வராதா?"

"ஜில்லாவுல உன்ன மாதிரி ஓட்டறவன் இல்லேன்னு சொல்லியிருக்கனா இல்லியா?"

தம்பி சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார்.

"இன்னிக்கு இத பொய்யா சொன்னா, அதுவும் பொய்யின்னு நெனச்சுக்குவ."

அக்கா தானே கதவைத் திறந்து இறங்கினார். தம்பி மனைவி காபி கொண்டுவந்திருந்தார். நின்றுகொண்டே குடித்துவிட்டு, போன தடவையைவிடப் பால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து ஏறினார். தம்பி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும் வழியில் அக்கா தலையிலிருந்த பூவைக் கொத்துக் கொத்தாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டே வந்தார். அழவில்லை. ஆனால் வழியில் தெரிந்த எதையும் எதோடும் ஒப்பிடவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது.

மகள் அம்மாவோடு கல்யாணத்தன்று வரைக்கும் பேசவில்லை.

பெண் அழைப்பு சாயங்காலம். காரிமங்கலத்தில் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு. பெண் நட்சத்திரத்தில் உட்கார்ந்தாயிற்று, பக்கத்தில் அக்கா. மேளக்காரர்கள் தோளில் மேளத்தை மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து, ஏன் கிளம்பவில்லை என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பெரியவர்கள் ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைத் தேடிப்பிடித்து, தட்டைக் கையில் கொடுத்து முன்னால் நிறுத்தினார்கள். அவர் நல்ல மனிதர்தான். சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்துவிட்டு நின்றார். பெண் குனிந்துகொண்டாள். அக்கா நேராக முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மெயின் ரோட்டிலிருந்து தம்பியும் மனைவியும் நடந்து வந்தார்கள். வேட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார். மனைவி தலையில் ஒரு தாம்பாளம், அவர் கையில் ஒன்று. மேல் துணி விலகி, உள்ளே பட்டும் தேங்காயும் தெரிந்தது. ஒன்றுவிட்ட மாமன் விலகி இடம் விட்டார். பெண் கண்ணாடியை இறக்கினாள்.

"வண்டி எங்க மாமா?"

"வூட்ல இருக்குது," என்றார்.

தம்பி மனைவி என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டு, மூச்சு வாங்கிய பிறகு சொன்னார். அன்றைக்கு அக்கா போனபின், பூக்காரரைக் கூப்பிட்டு வண்டியை ஓட்டச் சொல்லிவிட்டு இவர் பின்னால் உட்கார்ந்து போனாராம். வாங்கியதிலிருந்து ஒரு தடவையும் பின்னால் உட்கார்ந்ததில்லையாம். "ஒரு எலுமிச்சம்பழம் குடுன்னாரு. எதுக்குன்னு கேக்கல, எடுத்துக் குடுத்தேன். வந்து நேரா படுத்துக்கிட்டாரு."

மேளம் ஆரம்பித்தது. தம்பி தட்டை ஏந்திக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார். நான் காலைத் தளர்த்தினேன். பத்தடி போயிருப்போம், அக்கா நிறுத்தச் சொன்னார். கதவைத் திறந்து இறங்கி, சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்த் தம்பியோடு சேர்ந்து நடந்தார். பெண் அழைப்பில் பெண்ணின் அம்மா நடந்து போவது அந்த ஊரில் வழக்கம் இல்லை. மேளக்காரர்கள் முச்சந்தியில் நின்று வாசித்து முடித்து மூச்சு விட்ட இடைவெளியில், இறக்கிய கண்ணாடி வழியாக அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்டது.

"பஸ்ஸுல ஒக்கார எடம் கெடச்சுதா?"

"எங்க? பாதி வழி நின்னுகிட்டுத்தான் வந்தோம். தட்ட வேற கையில வச்சுக்கிட்டு."

"எந்த பஸ்ஸு?"

"அந்தப் பச்ச கலர் பிரைவேட்டு."

"அதுல ஏண்டா ஏறுன? அதுக்குப் பின்னாலயே கவர்மெண்ட் வண்டி வருமே. கூட்டம் இருக்காது, குலுக்காது. அதான் நல்ல வண்டி."

தம்பி தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சரி, விடுக்கா. போறப்ப அதுல போறேன்."